ஓர் ஆசிரியையின் தன்னுருவ ஓவியம்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைக் கூட்டத்தில் கலை சம்பந்தமாக ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். கலை என்னும் சொல் மிகப் பரந்தது. ஒரு மணி நேரத்தில் அதன் கரையைக்கூடக் காண இயலாது. பலவற்றைத் தொட்டுச் செல்வதினும் ஒன்றன் முன் நின்று நன்கு பார்ப்பது நலமென்று கருதி, ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டேன். அது பிரெஞ்சு தேசத்தின் தலைநகராகிய பாரிஸில் 1785-ஆம் ஆண்டில் எழுதப்பெற்றது. எழுதியவர் அதெலாயித் லபீய்-கியார் என்னும் பெண்மணி. அவர் தம் உருவத்தைத் தாமே எண்ணெய் வர்ணத்தில் தீட்டி, தம் மாணாக்கியர் இருவரையும் அப்படத்தில் தம்முடன் நிறுத்தினார். இப்போது அந்த ஓவியம் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் கலைக்காட்சிச் சாலையில் இருக்கிறது.

"எங்கோ ஒரு தேசத்தில் ஒரு மாது தன் படத்தைத் தானே எழுதிக்கொண்டாள், அதில் நாம் ஆராய என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லுமுன், சித்திரக்காரர்கள் தம் உருவத்தைத் தாமே எழுதுவது ஏன் என்பதைச் சிறிது கூறுவேன்.

ஐரோப்பாவில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிறரை எதிரே அமர்த்தி எழுதுவதாயின் அவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். அல்லது அவருடைய ஓய்வு நேரம் பார்த்துக் காத்திருக்கவேண்டும். கண்ணாடியின் முன் தாமே அமர்ந்துகொண்டால் கூலியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இது பயிற்சிக்காக எழுதுவது. இன்னொரு காரணமும் உண்டு. படம் எழுதுவிக்க வருவோர்க்குத் தம் கைத்திறனை மெய்ப்பிக்க இதனினும் ஏற்ற சான்று வேறில்லை. படம் சுவரில் இருக்கிறது. அதற்குரிய முகம் பக்கத்தில் நிற்கிறது. ஒப்புமை உண்டா இல்லையா என்பதை வந்தவர் அவ்விடத்திலேயே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆகவே தன்னுருவ ஓவியம் என்பது பயிற்சி ஏடாகவும் விளங்கும். கடையின் பெயர்ப் பலகையாகவும் விளங்கும். நம் அம்மையார் விஷயத்தில் அது இவ்விரண்டுக்கும் மேலாக, ஊரார் முன் வைத்த ஒரு வழக்குரையாகவும் அமைந்தது. அவ்வழக்கு யாது, எதிர்வாதம் யாது என்பதையே இனிக் கூறப்போகிறேன்.

லபீய்-கியார் அம்மையார் 1749-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் பிரபு வமிசத்தவரல்லர். ஆடை வகைகளும் ரிப்பன் முதலிய அலங்காரப் பொருள்களும் விற்கும் ஒரு கடைக்காரர். தந்தையார் ஓவியரல்லராதலின், குடும்பத் தொழிலாக இவருக்குச் சித்திரம் வாய்க்கவில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவில் பெண்கள் ஓவியம் பயின்றார்களென்றால், பெரும்பாலும் தந்தையோ தமையனோ ஓவியராயிருந்ததால் வீட்டிலேயே கற்றவர்களாயிருப்பார்கள். கடைக்காரர் மகளாகிய இவர் வெளியே ஆசிரியர்களைத் தேடிக் கற்கவேண்டியிருந்தது.

அவ்வாறு அவர் அடுத்தடுத்து மூன்று ஆசிரியர்களிடம் மூன்று முறைகளைக் கற்றார். முதலில், அண்டையில் வாழ்ந்த பிரான்சுவா எலீ வேன்சான் என்பவரிடம் சிற்றுருவச் சித்திரம் பயின்றார். உள்ளங்கையில் அடங்கும் தந்தத் தகட்டில் நீர்வர்ணத்தால் முகம் எழுதுவது அது. பொறுமையும் கூரிய பார்வையும் வேண்டிய வேலை. பெண்களுக்குத் தக்கதென்று அக்காலத்தார் எளிதில் ஒப்புக்கொண்டதும் அதுவே. அடுத்து, பாஸ்டெல் என்னும் உலர்ந்த வர்ணக் கட்டிகளால் முகங்களை எழுதுவதில் ஈடற்றவராயிருந்த லா தூர் என்பவரிடம் பயின்றார். மூன்றாவதாக, முதலாசிரியரின் குமாரராகிய பிரான்சுவா ஆந்திரே வேன்சான் என்பவரிடம் எண்ணெய் வர்ணம் கற்றார். சிறிய தகட்டிலிருந்து காகிதத்திற்கும், காகிதத்திலிருந்து பெரிய துணிப்பரப்பிற்கும் அவர் படிப்படியாக ஏறினார் என்று சொல்லலாம்.

எண்ணெய் வர்ணம் கற்றதை ஏன் தனித்துக் கூறுகிறேனெனில், அதுவே அக்காலத்தில் பெரிய ஓவியர் என்னும் பெயருக்கு வாயிலாயிருந்தது. வர்ணப் பொடிகளை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் தீட்டுவது அம்முறை. எண்ணெய் விரைவில் உலராது. ஆதலின் ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தோடு விளிம்பு தெரியாமல் இணைக்கலாம். அடியில் கெட்டியாகத் தீட்டியதன்மேல், அது உலர்ந்தபின், மெல்லிய கண்ணாடிபோன்ற வர்ணப் படலங்களைப் பூசி ஆழம் உண்டாக்கலாம். தோலின் கதகதப்பும், பட்டின் பளபளப்பும், நிழலுக்குள் நிழலும் அதில் கைகூடும். ஆளுயரத்திற்கு எழுதவும் அது இடங்கொடுக்கும். வர்ணக்கட்டியால் எழுதிய படமோ தூசுபோல் உதிரக்கூடியது. கண்ணாடிக்குள் வைத்துக் காக்கவேண்டும்.

நிற்க. 1769-இல் அம்மையார்க்கு விவாகம் நிகழ்ந்தது. கணவர் லூயி நிக்கோலா கியார் என்னும் கணக்கர். அவ்வாழ்க்கை ஒத்துவரவில்லை, குழந்தைகளும் இல்லை. 1779-இல் இருவரும் சட்டப்படி பிரிந்தனர். அதன்பின் அவர் தம் கைத்தொழிலைக் கொண்டே வாழ்ந்தார். படம் எழுதியும், இளம்பெண்களுக்குச் சித்திரம் கற்பித்தும் பொருளீட்டினார். அவரிடம் பயின்ற பெண்கள் ஒன்பது பேர் என்று குறிப்பிடுவர். கற்பித்தல் அவருக்குப் பொழுதுபோக்கன்று. சீவனமுமாகும், பற்றுமாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்துப் பாரிஸில் ஓவியர்க்கு இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று, புனித லூக்காவின் பெயரால் வழங்கிய பழைய தொழிலாளர் கழகம். அது பெண்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டது. நம் அம்மையாரும் இளமையிலேயே அதில் அங்கத்தினரானார். ஆனால் 1776-இல் அக்கழகம் மூடப்பட்டது. எஞ்சியது 1648-இல் நிறுவப்பெற்ற அரசாங்க ஓவியக் கழகம் ஒன்றே. அதில் சேர்ந்தவர்க்கே லூவர் அரண்மனையில் நடைபெறும் சலோன் என்னும் பெருங்காட்சியில் படம் வைக்கும் உரிமை உண்டு. அக்காட்சியில் படம் வைத்தாலன்றி நல்ல விலையும் நல்ல பெயரும் கிடைப்பதரிது.

அரசாங்கக் கழகம் பெண்களை முற்றிலும் விலக்கவில்லை. ஆனால் வாயிலை மிகக் குறுக்கி வைத்திருந்தது. ஒரே காலத்தில் நான்கு பெண்களுக்கு மேல் அங்கத்தினராயிருக்கலாகாது என்பது அதன் விதி. ஆண்களுக்கு அத்தகைய எண்ணிக்கை வரம்பு இல்லை. உள்ளே வந்த பெண்களுக்கும், உயிருள்ள மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் அனுமதியில்லை. அப்பயிற்சி இல்லாதவர் சரித்திர ஓவியம் எழுதுவதெங்ஙனம்? சரித்திர ஓவியமே உயர்ந்தது, உருவப்படம் அதற்குத் தாழ்ந்தது என்று தரம் பிரித்ததும் அக்கழகமே. கற்கும் வழியை அடைத்துவிட்டு, 'உயர்ந்ததை எழுதக் காணோமே' என்று குறைகூறுவது எத்தகைய நீதி என்பதை உங்கள் ஆலோசனைக்கு விட்டுவிடுகிறேன்.

அம்மையார் கழகத்தில் சேர முயன்றபோது, அவர் படங்களை அவருடைய ஆசிரியரும் நண்பருமான இளைய வேன்சானே திருத்திக் கொடுக்கிறார் என்று ஒரு வதந்தி உலவியது. ஒரு பெண்ணின் வேலை நன்றாயிருந்தால் அதை வேறொருவர் செய்திருக்கவேண்டும் என்று கருதும் மனப்பான்மை எல்லாத் தேசத்திலும் உண்டுபோலும்! அவர் இதற்கு வாயால் மறுமொழி கூறவில்லை. அக்கழகத்தின் அங்கத்தினர் பலரையே ஒவ்வொருவராகத் தம் எதிரில் அமர்த்தி, வர்ணக் கட்டிகளால் அவர்கள் உருவத்தை எழுதினார். எந்தக் கை எழுதுகிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். சிற்பியாகிய பஜூ என்பவர் தம் ஆசிரியரின் தலையுருவத்தை வடித்துக்கொண்டிருக்கும் நிலையில் அவர் எழுதிய படம் அவற்றுள் மிகச் சிறந்தது. 1783-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆந் தேதி கழகத்தார் அவரை ஏற்றுக்கொண்டனர். அதே நாளில், இராணியின் ஆதரவு பெற்ற விஜே-லெப்ரன் என்னும் மற்றொரு புகழ்பெற்ற பெண்மணியும் சேர்ந்தார். அவ்விருவரோடு பெண்களுக்குரிய நான்கு இடங்களும் நிரம்பின. வாயில் மீண்டும் மூடிக்கொண்டது.

உள்ளே சென்றபின்னும் பழிச்சொல் ஓயவில்லை. அவ்வாண்டுக் காட்சியின்போது பெயரில்லாத துண்டுப் பிரசுரம் ஒன்று வெளிவந்து, வேன்சான் விஷயமாக அம்மையாரின் ஒழுக்கத்தையே இகழ்ந்தது. இப்போது அவர் சும்மாயிருக்கவில்லை. கலை இலாகாவுக்கு மேலதிகாரியாயிருந்த பிரபுவின் மனைவியார்க்குக் கடிதம் எழுதி, அதைத் தடுக்கவேண்டுமென்று வேண்டினார். தொழிலைக் குறைகூறுவதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் நடத்தையைப் பழிக்கும்போது அவளுக்காகப் பேசுவார் யார் என்பது அக்கடிதத்தின் கருத்து. அன்பர்களே! தொழில் செய்து வாழும் ஒரு பெண்ணின் கைத்திறனைக் குறைகூற முடியாதவர்கள் அவள் பெயரைக் குறைகூறத் தொடங்குவது 1783-ஆம் ஆண்டோடு முடிந்துபோன வழக்கமன்று.

இவ்வளவும் மனத்தில் இருத்திக்கொண்டு, இரண்டாண்டு கழித்து அவர் காட்சியில் வைத்த ஓவியத்தின் முன் வந்து நில்லுங்கள்.

முதலில் கண்ணைக் கவர்வது அதன் அளவு. ஏறத்தாழ 211 சென்டிமீட்டர் உயரம், 151 சென்டிமீட்டர் அகலம். அதாவது ஏழடி உயரமும் ஐந்தடி அகலமும். தந்தத் தகட்டில் தொடங்கியவரின் கை எங்கு வந்து சேர்ந்தது பாருங்கள்! உருவங்கள் ஆளளவானவை. ஒரு பக்கத்தில் சட்டக்காலின்மேல் ஒரு பெரிய துணிப்பரப்பு நிற்கிறது; அதன் முதுகுப்புறமே நமக்குத் தெரிகிறது. அதன் முன் அம்மையார் அமர்ந்திருக்கிறார். வர்ணத் தட்டும் தூரிகைகளும் கையை ஊன்றிக்கொள்ளும் நீண்ட கோலும் அவரிடம் உள்ளன. தலையில் இறகும் ரிப்பனும் அணிந்த அகன்ற வைக்கோல் தொப்பி. உடம்பில் வெளிர்நீலம் சாயலாடும் பட்டுடை. அவர் நேரே நம்மைப் பார்க்கிறார்.

எண்ணெயும் வர்ணமும் சிந்தும் வேலைக்கு இத்தகைய பட்டுடை அணிவார் உண்டோ என்று தாய்மார்கள் கேட்பீர்கள். உண்மையில் எவரும் அணியார். அவர் வேலை செய்யும் கோலத்தைக் காட்ட இதை அணியவில்லை. எந்த வேலை தமக்குக் கைவந்தது என்பதைக் காட்டவே அணிந்தார். பட்டின் மடிப்பு ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாக ஏந்துகிறது. மடிப்பின் முகட்டில் வெண்மை, சரிவில் நீலம், பள்ளத்தில் சாம்பல் நிறம். அதன் ஓரத்தில் மெல்லிய லேசு. எழுதுவோரின் கைக்கு இதனினும் கடுமையான சோதனை அரிது. ஆடையும் ரிப்பனும் விற்ற கடைக்காரரின் மகள் அவர் என்பதை மறவாதீர்கள். ஏட்டில் கற்றவர்க்குப் பட்டு ஒரு நிறம். கடையில் வளர்ந்தவர்க்கோ அது கையறிந்த பொருள். தந்தையின் கடையிலிருந்து வந்த அறிவை அவர் மறைக்கவில்லை; அதையே தம் பெருமையாக்கிக்கொண்டார்.

அவர் நாற்காலியின் பின்னே இரு இளம்பெண்கள் நெருங்கி நிற்கிறார்கள். ஒருத்தியின் கை மற்றொருத்தியின் இடையை அணைத்திருக்கிறது. அவர்கள் உடை எளியது. ஒருத்தி ஆசிரியை எழுதும் படத்தைப் பார்க்கிறாள். மற்றொருத்தி நம்மைப் பார்க்கிறாள். இவ்விருவரும் கற்பனை உருவங்களல்லர். ஒருவர் மாரி கப்ரியேல் கப்பே. மற்றவர் கரோ தெ ரோஸ்மோன். கப்பே என்பவர் லியோன் நகரில் எளிய குடும்பத்தில் 1761-இல் பிறந்து, பாரிஸுக்கு வந்து அம்மையாரிடம் மாணாக்கியானவர். ரோஸ்மோன் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. ஓவியம் காட்சிக்கு வந்த மூன்றாண்டில், 1788-இல், காலமானார்.

இன்னும் உட்புறத்தில், நிழல் படர்ந்த பகுதியில், இரண்டு சிலைகள் மங்கலாகத் தெரிகின்றன. ஒன்று அம்மையாரின் தந்தையாருடைய தலையுருவம். அதை வடித்தவர் முன்பு அம்மையாரால் படம் எழுதப்பெற்ற சிற்பி பஜூவே. மற்றொன்று ஊதோன் என்னும் சிற்பி செய்த வெஸ்டல் கன்னிகையின் உருவம். பண்டை உரோமாபுரியில் வெஸ்டா தேவியின் ஆலயத்துத் தீயை அணையாமல் காக்கும் கடமை பூண்ட கன்னியர் வெஸ்டல்கள் எனப்பட்டனர். தூய ஒழுக்கத்திற்கு அவர்கள் பெயரையே உவமையாகச் சொல்வர். துண்டுப் பிரசுரத்தின் பழிச்சொல்லை அறிந்தவர்க்கு இச்சிலை அங்கே ஏன் நிற்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. மற்றொரு பொருளும் அதற்குக் கொள்ளலாம். தீயை அணையாமல் காத்து அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே ஆசிரியரின் கடமையுமன்றோ?

இப்போது என் தலையாய கருத்துக்கு வருகிறேன். ஒருவர் தம்மைத் தாமே எழுதிக்கொள்ளும்போது, தம் அருகில் எவரை நிறுத்துகிறார் என்பதைக் கொண்டே அவர் தம்மை யாரென்று கருதுகிறார் என்பதை அறியலாம். அம்மையார் விரும்பியிருந்தால் தாம் மட்டும் தனியே நின்றிருக்கலாம். அவ்வாறு எழுதிய ஓவியர் பலர். அரசகுலத்தவர் எவரையேனும் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டித் தம் செல்வாக்கை உயர்த்திக்கொண்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பின்னே தம்மை வளர்த்த கடைக்காரத் தந்தையை வைத்தார். பக்கத்தில் தாம் வளர்க்கும் மாணாக்கியரை வைத்தார். இருவர்க்கும் இடையே தாம் அமர்ந்தார். "நான் பெற்றுக்கொண்டேன், கொடுக்கிறேன்" என்பதே அவர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டது.

அதில் ஒரு வாதமும் அடங்கியிருக்கிறது. நான்கு பெண்களுக்கு மேல் இடமில்லை என்று விதித்த கழகத்தார் முன்னிலையில், நான்காமவருள் ஒருவராகிய அவர், தமக்குப் பின்னே மேலும் இருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். "இவர்களும் கற்றிருக்கிறார்கள், இவர்களுக்கு எங்கே இடம்?" என்று அந்த ஓவியம் வாய்திறவாமல் கேட்கிறது. தமக்கு இடம் கிடைத்தவுடன் கதவைச் சாத்திக்கொள்வோர் உலகில் பலர். தாம் நுழைந்த கதவைப் பிறர்க்காகப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சிலர். அவர் அச்சிலருள் ஒருவர்.

இதற்காக அவர் விலை கொடுக்கவும் நேர்ந்தது. கழகத்து ஓவியர் பலர்க்கு அரசர் லூவர் அரண்மனையில் குடியிருக்கவும் தொழில் செய்யவும் இடங்கொடுத்திருந்தார். அம்மையாரும் அதை வேண்டினார். அவர் திறமை போதாதென்று எவரும் சொல்லவில்லை. அவரிடம் இளம்பெண்கள் பாடங்கேட்க வருகிறார்கள், அவர்கள் அரண்மனையின் நடைகளில் போய்வருவது தகாது என்பதே தடையாகக் கூறப்பட்டது. மாணாக்கியரை விட்டுவிட்டால் இடம் கிடைத்திருக்கக்கூடும். அவர் விடவில்லை. இடத்திற்குப் பதிலாக ஆண்டுக்கு 1,000 லிவர் உபகாரச் சம்பளம் அளித்தனர். 1787-இல் அரசரின் அத்தைமார்களுக்கு ஓவியர் என்னும் பட்டமும் அவர்க்குக் கிடைத்தது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிற்று. மறு ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கழகத்தின் கூட்டத்தில் அவர் எழுந்து, பெண்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைப்பதே தவறு, தகுதி ஒன்றே வரம்பாகவேண்டும் என்று வாதாடினார். ஓவியத்தில் வாய்திறவாமல் கேட்டதை ஐந்தாண்டு கழித்து வாய்திறந்தே கேட்டார். 1791-ஆம் ஆண்டுக் காட்சியில் தேசியசபைப் பிரதிநிதிகளின் உருவப்படங்களை வைத்தார். ரோபெஸ்பியரின் படமும் அவற்றுள் ஒன்று. எனினும் அரச குடும்பத்தாரோடு முன்பு கொண்டிருந்த தொடர்பு அவரை விடவில்லை. அரசரின் தம்பியார்க்காக இரண்டாண்டுக்கு மேல் பாடுபட்டு எழுதிவந்த மிகப் பெரிய ஓவியம் ஒன்றை ஒப்படைக்கும்படி 1793-இல் ஆணை பிறந்தது, அது அழிக்கப்பட்டது. உருவப்படக்காரியாக மட்டும் நின்றுவிடாமல், பல உருவங்கள் கூடிய பெரும் ஓவியம் எழுதவும் தம்மால் முடியும் என்று நிலைநாட்ட அவர் எடுத்த முயற்சி அது. எழுதுவோரின் துயரத்தை எழுதுவோரே அறிவர். அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை.

அதே 1793-இல் பழைய கழகமும் கலைக்கப்பட்டது. ஆனால் வாயில் அகலவில்லை. 1795-இல் நிறுவப்பெற்ற புதிய கலைச்சபையில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. நான்கு என்றிருந்தது சுன்னமாயிற்று! பாரிஸின் அரசாங்க ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897-ஆம் ஆண்டில்தான். அம்மையார் வாதாடி நூறாண்டுக்கு மேலாயிற்று. நல்ல காரியங்கள் தாமே நேர்கோட்டில் வளர்ந்துவிடும் என்று எண்ணுவோர் இதை உன்னிப் பார்க்கவேண்டும். ஒரு தலைமுறை பெற்றதை அடுத்த தலைமுறை இழக்கவும் கூடும்.

ஆயினும் அவர்க்கு ஒரு வெற்றி கிடைத்தது. 1795-இல் லூவரில் அவர்க்கு இடம் அளித்தார்கள். மாணாக்கியரை விட்டு வரும்படி சொல்லவில்லை. தாமும் தம் மாணாக்கியரும் தொழில் செய்ய லூவரில் இடம்பெற்ற முதற்பெண்மணி அவரே. பின்னர், விவாகரத்துச் சட்டம் வந்தபின் முதல் மணத்தினின்று விடுபட்டு, நெடுநாளைய நண்பராகிய வேன்சானை மணந்தார். 1803-ஆம் ஆண்டில் காலமானார்.

ஓவியத்தில் நின்ற கப்பே என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் ஆசிரியையை விட்டுப் பிரியவேயில்லை. அவ்வீட்டிலேயே மகள்போல் வாழ்ந்தார். தாமும் புகழ்பெற்ற ஓவியரானார். தந்தத் தகட்டுச் சிற்றுருவங்களில் அவர் கை மிகத் தேர்ந்தது. ஆசிரியை மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1808-இல், ஓர் எண்ணெய் வர்ண ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அது இன்று ஜெர்மனியில் மூனிக் நகரத்துப் புதிய பினகோதெக் கலைக்கூடத்திற்கு உரியது. அதில் லபீய்-கியார் அம்மையார் முதுபெரும் ஓவியராகிய வியேன் என்பவரை அமர்த்திப் படம் எழுதிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மாணாக்கரும் நண்பரும் நிற்கிறார்கள். அம்மையாரின் அருகில் வர்ணத் தட்டைக் கையிலேந்தி வர்ணம் சேர்த்துக்கொடுக்கும் பெண் ஒருத்தி, நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளே கப்பே!

1785-இல் ஆசிரியை தம் படத்தில் மாணாக்கியைத் தம் அருகில் நிறுத்தினார். 1808-இல் மாணாக்கி தம் படத்தில் ஆசிரியையை நடுவில் அமர்த்தித் தாம் பக்கத்தில் இருந்து பணிசெய்வதாக எழுதினார். கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கழகம் நிலைக்கவில்லை, அரசரும் நிலைக்கவில்லை, பாடுபட்டு எழுதிய பெரிய ஓவியமும் நிலைக்கவில்லை. கற்பித்தது நிலைத்தது.

தன்னுருவ ஓவியமோ பல கை மாறி, 1953-ஆம் ஆண்டில் ஜூலியா பெர்விண்ட் என்னும் அம்மையாரின் நன்கொடையாக நியூயார்க் காட்சிச் சாலையைச் சேர்ந்தது. இன்று அங்கே அதைக் காண்போர்க்கு நான்கு என்னும் விதி ஞாபகத்திலிராது. துண்டுப் பிரசுரத்தின் பழிச்சொல்லும் தெரியாது. மூன்று பெண்களும் அப்படியே இருக்கிறார்கள்.

அன்பர்களே! நம் சங்கத்தின் ஆண்டு மலரில் ஆண்டுதோறும் படங்கள் வெளியிடுகிறோம். தலைவர்கள், நன்கொடையாளர்கள், பட்டம் பெற்றவர்கள் ஆகியோர் தனித்தனியே, மாலையுடன், நேரே நோக்கி நிற்கிறார்கள். அவர்களைக் கௌரவிப்பது முறையே. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். இனி ஒருவரின் படத்தை வெளியிடும்போது, "இவர் எவரிடம் கற்றார்? எவர்க்குக் கற்பித்தார்?" என்னும் இரண்டு வினாக்களையும் கேட்டு, கூடுமாயின் அவர்களையும் அவர் அருகில் நிறுத்துவோமாக. கணக்குக் கற்றவர் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்? தையலும் சித்திரமும் தெரிந்த தாய்மார் எத்தனை பெண்களுக்கு அவற்றைக் கைமாற்றினார்கள்? முதன்முதல் கல்லூரிக்குச் சென்ற பெண், தனக்குப் பின் எத்தனை பெண்களின் பெற்றோரிடம் சென்று பரிந்து பேசினாள்? பக்கத்தில் நிறுத்த ஒருவரும் இல்லாத படம் எவ்வளவு பெரிதாயினும் குறைப்படமே.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பாரிஸ் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் தம் மகளை அண்டை வீட்டு ஓவியரிடம் பாடங்கேட்க அனுப்பினார். அவர் செய்ததாக நாம் அறிந்தது இவ்வளவே. அதற்கு மகள் செய்த கைம்மாறு, உலகம் பார்க்கும் ஓவியத்தின் உட்புறத்தில் அவர் முகத்தை வைத்தது. உங்கள் பெண் ஒரு தொழிலைக் கற்க விரும்பி வந்து நிற்கும்போது, "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்பதை முதலில் கேளாதீர்கள். "யாரிடம் கற்கலாம்?" என்பதை முதலில் கேளுங்கள். ஊரார் சொல்லுவதற்கு அவள் கையே பின்னர் மறுமொழி கூறும்.